முன் பஸ், பின் பஸ்

வெள்ளவத்தைச் சந்தைப் பக்கத்து பஸ் ஹோல்டுக்கு நான்கு பேரும் ஒன்றாகத்தான் நடந்து வருவார்கள். 102 வந்து நிற்கும். அம்மாவும் மகளும் ஏறிக்கொள்வார்கள். அப்பாவும் அண்ணாவும் கீழேயே நிற்பார்கள். பஸ் நகரும்போது அண்ணா நாக்கை நீட்டிப் பழிப்புக் காட்டுவான். இவள் பின்கண்ணாடிக்குள்ளால் முட்டியை மடக்கிக் காட்டுவாள். அவர்கள் இருவரும் அடுத்த 102இல் வருவார்கள்.

போகும் இடம் ஒன்றுதான்: கொட்டாஞ்சேனையில் பாட்டி வீடு, ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு.

கோபித்துக்கொண்டு பிரிந்த குடும்பம் அல்ல அது. யுத்தம் நடந்த 1990களில் கொழும்பில் எத்தனையோ வீடுகளில் இந்தக் கணக்கு இருந்தது, சிங்கள வீடுகளிலும் இருந்தது. புருஷன் ஒரு பஸ், பெண்சாதி ஒரு பஸ். குண்டு வெடித்தால் பிள்ளைகளுக்கு ஒருவராவது மிஞ்ச வேண்டும். இவர்கள் வீட்டில் பிள்ளைகளையும் பங்கு பிரித்தார்கள் என்பதுதான் வித்தியாசம்.

தொடங்கியது 1996இல். அந்த வருடம் ஜனவரி 31ஆம் திகதி கோட்டையில் மத்திய வங்கிக் கட்டடத்தின் மீது வெடிமருந்து லொறி மோதியது. தொண்ணூறு பேரளவில் இறந்தார்கள், காயப்பட்டவர்கள் ஆயிரத்துக்கு மேல். அப்பாவின் கந்தோர் கோட்டையில்தான். அன்று பின்னேரம் அவர் தண்டவாளத்தின் மேலாக நடந்தே வெள்ளவத்தைக்கு வந்து சேர்ந்தார். சேர்ட்டில் தூசி. குளித்துவிட்டு, தேத்தண்ணி குடித்துவிட்டு, ஒன்றும் பேசாமல் படுத்துவிட்டார். ஆறு மாதம் கழித்து, ஜூலை 24ஆம் திகதி மாலை, தெகிவளை நிலையத்தில் ரயில் பெட்டிகளுக்குள் குண்டுகள் வெடித்தன. கந்தோர் விட்டு வீடு திரும்பிய சனம், அறுபதுக்கு மேல் செத்துப்போனார்கள். அப்பா அன்றாடம் வந்துபோகும் அதே கரையோரப் பாதை, வெள்ளவத்தைக்கு அடுத்த நிலையம்.

அடுத்து வந்த ஞாயிறுகளில் ஒன்றில், வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளிக்கிடும்போது அம்மா சொன்னாள்:

"நாம ரெண்டு பஸ்ல போவோங்க."

"விசர்க் கதை கதையாதையும்" என்றார் அப்பா. சொல்லிவிட்டு ஹோல்டில் பேசாமல் நின்றுகொண்டார்.

மொரட்டுவையிலிருந்து கொட்டாஞ்சேனைக்குப் போகும் அந்த 102ஆம் இலக்க பஸ்ஸைப் பற்றி ஒரு வார்த்தை. காலி வீதியில் பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி, காலிமுகத்திடல் என்று கடலுக்குச் சமாந்தரமாக ஓடி, கோட்டை, புறக்கோட்டை நெரிசலில் புகுந்து வடக்கே ஏறும். வழியில் வெள்ளவத்தை, முடிவில் கொட்டாஞ்சேனை. கொழும்பில் உரத்துத் தமிழ் பேசக்கூடிய இரண்டு இடங்கள். நடுவில் கிடக்கிற பத்துக் கிலோமீட்டர் அளவான தூரத்தில் குரலை என்ன செய்வது என்பதை ஒவ்வொரு குடும்பமும் தன் பாட்டில் தீர்மானித்துக்கொண்டது.

வெளியில் போனால் அம்மாதான் குடும்பத் தலைவர். வீட்டில் அப்பா. இந்த மாற்றம் காலி வீதியில் கால்வைத்த உடனே நடக்கும். அப்பா யாழ்ப்பாணம். அரசாங்க லிகிதர் வேலைக்காகச் சிங்களப் பரீட்சை பாஸ் பண்ணியவர். அவருடைய சிங்களம் சுற்றறிக்கைச் சிங்களம். கோப்பில் அழகாக எழுதுவார், வாயைத் திறந்தால் யாழ்ப்பாணம் வந்து முன்னால் நிற்கும். அம்மா கொட்டாஞ்சேனையில் பிறந்தவள். அவளுடைய தாத்தா துறைமுக வேலைக்கென்று தூத்துக்குடியிலிருந்து கப்பலேறி வந்தவர். வேதக்காரக் குடும்பம். பக்கத்து வீட்டுச் சிங்களப் பிள்ளைகளோடு சண்டைபிடித்தே சிங்களம் பழகியவளுக்குக் கொண்டக்டரோடு மிச்சக் காசுக்கு மல்லுக்கட்டுவது பெரிய விசயமில்லை. யாழ்ப்பாணத்துச் சைவக்காரர் ஒருவர் கொட்டாஞ்சேனை வேதக்காரப் பெண்ணை எப்படிக் கட்டினார் என்பது தனிக் கதை. அதுவும் பஸ்ஸில் தொடங்கியது என்று மட்டும் பாட்டி சொல்லுவாள். மேலே கேட்டால் அப்பா எழும்பி வெளியே போய்விடுவார்.

ஆகவே பங்கு பிரித்ததில் ஒரு நியாயம் இருந்தது. அப்பாவைத் தனியே விட முடியாது. பள்ளிக்கூட மைதானத்தில் சிங்களம் பழகிய மகன் அவரோடு. மகள் அம்மாவோடு. முன் பஸ்ஸில் பெண்கள், பின் பஸ்ஸில் ஆண்கள்.

பஸ்ஸுக்குள் அம்மா வேறொருத்தியாகிவிடுவாள். பர்ஸ் மூடியின் உட்புறத்தில் ஸ்டிக்கர் பொட்டுகள் நாலைந்து எப்போதும் ஒட்டிக்கிடக்கும். வேதக்காரிதான், என்றாலும் வெள்ளவத்தையில் அப்பாவின் சொந்தக்காரர் மத்தியில் பொட்டு வைத்துக்கொள்வாள். ஏறி உட்கார்ந்ததும் நெற்றியிலிருந்து எடுத்து மூடிக்குள் ஒட்டிவிடுவாள். மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டாள். "தூவ" என்பாள். சிங்களத்தில் மகள். "தூவ, மெஹாட்ட என்ன", இங்கே வா. சின்ன வயதில் அது தன்னுடைய பஸ் பெயர் என்றே இவள் நினைத்திருந்தாள். வீட்டில் ஒன்று, பள்ளியில் ஒன்று, பஸ்ஸில் ஒன்று என்று எல்லாப் பிள்ளைகளுக்கும் மூன்று பெயர் இருக்கும் போலும் என்று.

"இஸ்ஸரஹட்ட யன்ன, இஸ்ஸரஹட்ட யன்ன" என்று கொண்டக்டர் எல்லோரையும் முன்னுக்குத் தள்ளிக்கொண்டே வருவார். சோதனைச் சாவடியில் எல்லோரும் இறங்கி, பையைத் திறந்து காட்டி, அடையாள அட்டையை நீட்டி, நடந்துபோய் மறுபக்கத்தில் ஏற வேண்டும். அம்மாவின் பையில் பாட்டிக்கென்று யாழ்ப்பாணத்து மிளகாய்த்தூள் போத்தல் இருக்கும். ஒருமுறை அதைத் திறந்து மணந்து பார்த்த சிப்பாய் அடுக்கடுக்காய்த் தும்மினான். பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள், பிறகு அவனும்.

கொட்டாஞ்சேனையில் இறங்கியதும் பொட்டு நெற்றிக்கு வராது. அங்கே பாட்டி வீடு. பொட்டோடு போனால் பாட்டி முகம் சுளிப்பாள். ஆனால் குரல் வந்துவிடும். "புள்ள, கையப் புடி" என்று ரோட்டைக் கடப்பாள்.

பிறகு காத்திருப்பு. கைபேசி இல்லாத காலம். அடுத்த 102 பத்து நிமிடத்திலும் வரும், முக்கால் மணித்தியாலத்திலும் வரும். அம்மா பழக்கடைக்காரனிடம் திராட்சை விலை கேட்பாள். வாங்கமாட்டாள். செருப்புக் கடைக் கண்ணாடியைப் பார்ப்பாள். செருப்பைப் பார்க்கிறாளா, கண்ணாடியில் தெரியும் ரோட்டைப் பார்க்கிறாளா என்பது மகளுக்குத் தெரியும். இரண்டாம் பஸ்ஸிலிருந்து அப்பாவின் நீலச் சேர்ட் இறங்கும் கணத்தில் திராட்சை விலை அம்மாவுக்கு மறந்துபோகும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒன்றரை மணித்தியாலம் ஆகியும் அவர்கள் வரவில்லை. நாலு 102 வந்து போய்விட்டன. பழக்கடைக்காரன் தானாகவே ஒரு ஸ்டூலை எடுத்துப் போட்டான். கடைசியில், பஸ் வரும் திசையில் அல்ல, எதிர்த் திசையில் ஒரு சந்துக்குள்ளிருந்து அப்பாவும் அண்ணாவும் நடந்து வந்தார்கள். அண்ணாவின் கையில் தாளில் சுற்றிய வடை. பஸ் புறக்கோட்டையில் டயர் காற்றுப்போய் நின்றுவிட்டதாம். நடக்கலாம் என்று நடந்தார்களாம். குறுக்குவழி என்று எங்கோ புகுந்து எங்கோ வந்தார்களாம். வழியில் பசித்ததாம்.

அம்மா நடுரோட்டில் கத்தினாள். "வடையா? வடையா தின்னுக்கிட்டு வாரீங்க? நாங்க இங்க நின்னு செத்துக்கிட்டிருக்கோம், ஒங்களுக்கு வடை!" வீதியில் அம்மா தமிழில் சத்தம்போட்டதை மகள் பார்த்தது அதுதான் முதல் தடவை. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கொட்டாஞ்சேனையில் ஒரு பெண் புருஷனைத் தமிழில் ஏசுவதில் பார்க்க என்ன இருக்கிறது? அப்பா பொதியைப் பிரித்து ஒரு வடையை அம்மாவிடம் நீட்டினார். ஆறிப்போயிருந்தது. அவள் அழுதுகொண்டே தின்றாள்.

பாட்டி வீட்டில் இரண்டு தமிழ் நடக்கும். அப்பா "வாங்கோ, இருங்கோ" என்பார். பாட்டி "வாங்க, ஒக்காருங்க" என்பாள். பாட்டி "ஆணம்" என்பாள், அப்பாவுக்கு அது "குழம்பு". சோறு இறக்கி வைத்ததும் பாட்டி மருமகனுக்கென்று தனியாக ஒரு சிறு சட்டியைக் கொண்டுவந்து வைப்பாள். அவர் கொடுத்தனுப்பிய யாழ்ப்பாணத் தூளில் வைத்த மீன்குழம்பு. அதைத் தொட்டுக்கொண்டு, "என்ன இருந்தாலும் உங்கட கைப்பக்குவம்" என்று அவர் பாராட்டுவார். தூள் அவருடையது என்பதை இருவரும் மறந்துபோனவர்கள் மாதிரி நடந்துகொள்வார்கள். பிள்ளைகள் இரண்டு தமிழையும் பேசினார்கள், எந்த வீட்டில் எது என்பதில் ஒருநாளும் பிழைவிட்டதில்லை. பெரியவர்களான பிறகு பிழைவிடுகிறார்கள்.

சாப்பாட்டுக்குப் பிறகு பாட்டி செல்லமஹால் தியேட்டரில் தான் பார்த்த படங்களின் கதையைச் சொல்வாள். அப்பா ஓய்வாகச் சாய்ந்துகொண்டு விவேகானந்தா மேட்டைப் பற்றி ஆரம்பிப்பார். 1897 ஜனவரியில் மேலைநாடுகளிலிருந்து திரும்பிய சுவாமி விவேகானந்தர் இந்த உபகண்டத்தில் முதலில் கால்வைத்தது கொழும்பில்தான், சென்னையில் அல்ல, இந்தியாக்காரருக்கு இது தெரியாது, என்பார். 1902இல் இங்கே விவேகானந்த சபை தொடங்கியது என்பதையும் சேர்த்துக்கொள்வார். பாட்டி கொட்டாவி விடுவாள். அவளைப் பொறுத்தவரை கொட்டாஞ்சேனையில் கால்வைத்தவர்களில் முக்கியமானவர் ஒருவர்தான், அவர் கொச்சிக்கடை அந்தோனியார்.

அந்தோனியார் கோயில் விசயத்தில் மட்டும் இரண்டு வீட்டுக்கும் ஒரே கருத்து. செவ்வாய்க்கிழமைகளில் அங்கே போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பூமாலையோடு சைவச் சனம், மெழுகுதிரியோடு வேதக்காரர், வெள்ளை உடுத்திய பௌத்தப் பெண்கள், முக்காடிட்ட முஸ்லிம் தாய்மாரும். ஜூன் 13ஆம் திகதித் திருநாளுக்கு அப்பா லீவு போட்டுவிட்டே வருவார். அங்கிருந்து சற்று நடந்தால் பொன்னம்பலவாணேசுவரர் கோயில். பொன்னம்பல முதலியார் கட்டியதை அவருடைய மகன் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907 முதல் 1912 வரை முழுக்கக் கருங்கல்லால் திருப்பிக் கட்டினார். கொழும்புக் கட்டடங்களுக்கு நடுவில் அதற்குள் நுழைந்தால் மதுரைப் பக்கம் எங்கோ போய்விட்டது போல இருக்கும். அப்பா தூணில் சாய்ந்து கண்ணை மூடுவார். அம்மா கல்தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, "கோயில்னா இப்பிடிக் குளுகுளுன்னு இருக்கணும்" என்பாள். கடவுளைப் பற்றி அவள் அந்தக் கோயிலில் சொன்ன ஒரே அபிப்பிராயம் அது.

மாலை திரும்புகையில் மீண்டும் இரண்டு பஸ். ஆனால் இரண்டு பஸ்ஸிலிருந்தும் காலிமுகத்திடலில் இறங்குவார்கள். அங்கே நாலு பேரும் ஒன்றாக இருக்கலாம். திறந்த வெளி, கடல், ஒளித்து வைக்க இடமில்லை. அது அம்மாவின் தர்க்கம். சரியா பிழையா என்று யாரும் கேட்கவில்லை.

காலிமுகத்திடலில் ஒரு கல்வெட்டு உண்டு. ஆளுநர் சேர் ஹென்றி வார்ட் 1856இல் இந்த நடைபாதையைத் தொடங்கினார், 1859இல் முடித்தார், கொழும்பின் பெண்களுடையவும் பிள்ளைகளுடையவும் நலனுக்காகத் தனக்குப் பின் வருகிறவர்களிடம் இதை ஒப்படைத்தார் என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். அப்பா ஒவ்வொரு தடவையும் அதை வாசித்து மொழிபெயர்ப்பார். அம்மா ஒவ்வொரு தடவையும், "பொம்பளைங்களுக்கும் புள்ளைங்களுக்கும்னு எழுதினவரு ஒரு மரம் நட்டாரா?" என்பாள். அப்பாவிடம் பதில் இருந்ததில்லை.

அதே புல்வெளியைப் பற்றி அப்பா சொல்லும் இன்னொரு கதை உண்டு. அதைச் சொல்லும்போது குரல் அலைச் சத்தத்துக்குக் கீழே போய்விடும். 1956 ஜூன் 5ஆம் திகதி, தனிச் சிங்களச் சட்டம் வந்தபோது, எதிரேயிருந்த பாராளுமன்றத்துக்கு முன்னால் செல்வநாயகமும் தமிழரசுக் கட்சிக்காரரும் இந்தத் திடலில் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். கும்பல் வந்து அடித்தது. அப்போது கொழும்பில் உத்தியோகம் பார்த்த அவருடைய சித்தப்பா தூர நின்று பார்த்தாராம். "எந்த இடம்?" என்று அண்ணா கேட்பான். அப்பா விரலை நீட்டமாட்டார். மோவாயால் காட்டுவார். அங்கே யாராவது பட்டம் விட்டுக்கொண்டிருப்பார்கள்.

அதற்குப் பிறகு இறால் வடை. தள்ளுவண்டியில் கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கியிருக்கும். தட்டையான வடையின் மேல் முழு இறால்கள், தலையும் மீசையுமாக. மேலே வெங்காயமும் மிளகாய்ச் சாறும். தலையோடு தின்பதா, பிய்த்து எறிவதா என்பதில் குடும்பம் இரண்டுபட்டிருந்தது. அம்மா, அண்ணா ஒரு கட்சி. அப்பா, மகள் மறு கட்சி. பஸ்ஸில் பிரிந்த மாதிரி அல்ல.

இதை வாசிக்கிற யாழ்ப்பாணத்தவருக்கும் மட்டக்களப்பாருக்கும் ஒரு கேள்வி வரலாம்: இவ்வளவு பயத்தோடு எதற்காக ஒவ்வொரு ஞாயிறும் வெளிக்கிட்டார்கள்? வீட்டில் இருந்திருக்கலாமே. இருந்திருக்க முடியாது. அந்த வீடு ஒரு அனெக்ஸ். ஓர் அறை, ஒரு விறாந்தை, சமையலுக்கு ஒரு மூலை. 1995 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் வெறுமையாகிச் சனம் வன்னிக்கும் தென்மராட்சிக்கும் இடம்பெயர்ந்த பிறகு, வெள்ளவத்தை அனெக்ஸ்களில் தரை தெரிவது அபூர்வம். அப்பம்மா வந்தாள். பெரியப்பாவின் பிள்ளைகள் வந்தார்கள். வெளிநாடு போகக் காத்திருந்தவர்கள் பாயைச் சுருட்டி வைத்துவிட்டு ஏஜென்டின் கோலுக்காகக் காத்திருந்தார்கள். வந்து தங்கும் ஒவ்வொருவரையும் பொலிசில் பதிய வேண்டும். அந்தத் துண்டுகளையெல்லாம் அப்பா ஒரு பழுப்பு உறையில் போட்டு, வெளியே போனால் பனியனுக்குள் வைத்துக்கொண்டு போவார். வியர்வையில் உறை உடம்போடு ஒட்டியிருக்கும்.

ஆகவே வெளிக்கிடுவது மூச்சுவிடுவதற்கு. தூரம் போக வேண்டுமென்றும் இல்லை. வெள்ளவத்தைக்குள்ளேயே ஒரு சுற்று இருந்தது. மரைன் டிரைவ் வராத காலத்தில் ஒழுங்கைகள் எல்லாம் தண்டவாளத்தில் முட்டி நின்றன. தண்டவாளத்தைத் தாண்டினால் கற்பாறை, கடல். 57ஆவது ஒழுங்கையில் கொழும்புத் தமிழ்ச் சங்கம், 1942இல் தொடங்கியது. அதன் நூலகத்தில் அப்பாவை விட்டுவிட்டால் பூட்டும்வரை வரமாட்டார். காலி வீதியில் பூபாலசிங்கம் புத்தகசாலை. ஆடி மாதத்தில் வேல் விழா. செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டிக்கும் வெள்ளவத்தைக்கும் தேர் வரும். 83 கலவரத்துக்குப் பிறகு வருடக்கணக்கில் நின்றிருந்து மறுபடி காலி வீதிக்கு வந்த தேரை அப்பம்மா பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டது பெரிதல்ல. தேருக்குப் பின்னால் கரும்பு விற்றவன் சிங்களவன் என்பதில் அவளுக்கு ஏற்பட்ட வியப்புத்தான் பெரிது.

இன்னொரு உல்லாசப் பயணமும் இருந்தது. இன்றைய பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள்: கொமியூனிகேஷனுக்குப் போவது. காலி வீதியில் பத்து யாருக்கு ஒன்று இருந்த தொலைபேசிக் கடைகள். கனடாவிலிருந்து சித்தி ஞாயிறு ஏழு மணிக்கு எடுப்பாள் என்றால் ஆறரைக்கே குடும்பம் முழுவதும் குளித்து, பவுடர் போட்டு, நல்ல சட்டை உடுத்திப் போய் வாங்கில் உட்கார்ந்திருக்கும். குரலுக்கு எதற்குச் சட்டை என்று அண்ணா கேட்டு ஒருமுறை குட்டு வாங்கினான். கூண்டுக்குள் ஒருவர் "ஹலோ, கேக்குதோ?" என்று கத்தும்போது வெளியே பத்துப் பேர் கேட்டுக்கொண்டிருப்பார்கள். யாருக்கு விசா கிடைத்தது, யாருக்குக் கலியாணம் சரிவந்தது என்பதெல்லாம் வெள்ளவத்தைக்குத் தெரிந்தது அப்படித்தான்.

அதன் அடுத்த கட்டம் கட்டுநாயக்க. ஓர் ஆள் விமானம் ஏறப் பதினைந்து பேர் வான் பிடித்துப் போவார்கள். சோற்றுப் பார்சல், ஃபிளாஸ்கில் தேத்தண்ணி. போகிறவனுக்கு நெஞ்சு அடைத்திருக்கும்; பிள்ளைகளுக்குத் திருவிழா. விமானம் பறப்பதைக் கிட்டப் பார்த்தது அப்போதுதான். இரண்டு வானில் போக வேண்டும் என்று அம்மா அந்தப் பயணங்களில் சொல்லவில்லை. அவ்வளவு பணம் இல்லை.

2001 ஜூலை 24 அதிகாலை கட்டுநாயக்க விமான நிலையம் தாக்கப்பட்டதோடு அந்தத் திருவிழாவும் குறைந்தது. திகதியைக் கவனியுங்கள். 1983இல் கனத்தை மயானத்திலிருந்து கலவரம் கிளம்பியது ஜூலை 24 ஞாயிறு இரவு. தெகிவளை ரயில் 1996 ஜூலை 24. விமான நிலையமும் அதே நாள். சாத்திரம் நம்பாத அப்பா அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் கலண்டரில் அந்த நாளைச் சிவப்புப் பேனையால் வட்டமிட்டு, "அண்டைக்கு ஒருத்தரும் வெளிக்கிடக் கூடாது" என்றார். 83இல் அண்ணா கைக்குழந்தை. அயல்வீட்டுச் சிங்களக் குடும்பத்தின் அறையில் ஓர் இரவு, பிறகு பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி அகதி முகாம், பிறகு லங்கா கல்யாணிக் கப்பலில் காங்கேசன்துறை. இவள் பிறந்தது அடுத்த வருடம், யாழ்ப்பாணத்தில். அதன் விளைவு பதினாறு வயதில் அடையாள அட்டை எடுத்தபோதுதான் தெரிந்தது. கொட்டாஞ்சேனைச் சிங்களம் பேசும் மகளின் அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம். யாழ்ப்பாணத்து அப்பாவின் சாயலில் இருந்த மகனின் அட்டையில் கொழும்பு. பெண்கள் பஸ்ஸில் கேள்வி கூடியது. பங்கீட்டை மாற்றலாமா என்று வீட்டில் ஒரு மாலை முழுக்கக் கதைத்தார்கள். மாற்றவில்லை.

கடைசியாக இரண்டு பஸ்ஸில் போனது எப்போது? அந்த வீட்டில் யாருக்கும் நினைவில்லை. தொடங்கிய நாள் தெரிகிறது, முடிந்த நாள் தெரியவில்லை. அண்ணா ரொறன்ரோ போனான், பின் பஸ்ஸில் அப்பா தனியானார். பாட்டி இறந்தாள், போக வேண்டிய இடம் இல்லாமல் போயிற்று. 2007 ஜூன் 7 விடியற்காலையில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை லொட்ஜ்களில் தங்கியிருந்த தமிழர் முந்நூற்றுக்கும் மேற்பட்டோரைப் பஸ்களில் ஏற்றி வவுனியா முதலான இடங்களுக்கு அனுப்பினார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் தடை உத்தரவு போட்டது. ஏற்றி அனுப்பிய அன்று காலை சந்தைக்குப் போன அம்மா, காலி வீதியில் வரிசையாய்ப் போன பஸ்களைக் கண்டு மீன் வாங்காமல் திரும்பி வந்தாள். எல்லோரையும் ஒரே பஸ்ஸில் ஏத்திட்டாங்க என்று மட்டும் சொன்னாள்.

அப்பா யுத்தம் முடிந்து சில வருடங்கள் இருந்தார். தாமரைக் கோபுரம் எழும்புவதைக் காலிமுகத்திடலிலிருந்து பார்த்து, கடலைத் தூர்த்துத் துறைமுக நகரம் வருவதையும் பார்த்தார். ஹென்றி வார்ட்டின் கல்வெட்டை வாசிப்பதை நிறுத்தவில்லை.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு காலை, கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலிலும் வேறு கோயில்களிலும் ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்து 250க்கும் மேற்பட்டவர்கள் இறந்தபோது, அம்மா வெள்ளவத்தை வீட்டில் இருந்தாள். செவ்வாய்க்கிழமைதான் அவள் கொச்சிக்கடைக்குப் போகிற நாள். முதலில் வந்த கோல் ரொறன்ரோவிலிருந்து. நலம் விசாரித்து முடிந்ததும் அண்ணா சொன்னான்: "இனி ரெண்டாப் போங்கோ." அவனுக்கு அப்போது நாற்பது வயது நெருங்கிக்கொண்டிருந்தது. ஜூன் மாதத்தில், திருநாளுக்கு முதல் நாள், கோயில் மீண்டும் திறக்கப்பட்டது. அம்மாவும் பேரனும் ஒரு ஓட்டோவில், இவளும் கணவனும் இன்னொரு ஓட்டோவில் போனார்கள். இரண்டு ஓட்டோவும் ஒன்றின்பின் ஒன்றாகவே போய் ஒரே இடத்தில் நின்றன. கணக்குப் பிழை என்று எல்லோருக்கும் தெரிந்தது.

2022இல் அந்தக் கணக்குக்கு எரிபொருளே இல்லை. பெட்ரோல் வரிசை, டீசல் வரிசை, பஸ்கள் குறைவு. வருகிற ஒரு 102இல் முழுக் கொழும்பும் தொங்கிக்கொண்டு போனது. மே 18 அன்று இவள் அம்மாவையும் மகனையும் கூட்டிக்கொண்டு காலிமுகத்திடலுக்குப் போனாள். ஒன்பது நாளைக்கு முன் அதே இடத்தில் அரசாங்கத்துக்கு எதிரான போராட்டக்காரரின் கூடாரங்களை அடித்து நொறுக்கியிருந்தார்கள். அம்மா வரமாட்டேன் என்றுதான் சொன்னாள். அங்கே யுத்தத்தின் முடிவில் முள்ளிவாய்க்காலில் இறந்தவர்களுக்காக விளக்கு ஏற்றிக் கஞ்சி கொடுத்தார்கள். சிங்களப் பிள்ளைகளும் வாங்கிக் குடித்தார்கள். அம்மாவுக்கும் ஒரு கோப்பை வந்தது. ஒரு மிடறு குடித்துவிட்டுச் சுற்றிப் பார்த்தாள். "ஒங்கப்பா மோவாயால காட்டுவாரே, அது இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?" என்று கேட்டாள். மகளுக்கும் உறுதியாகத் தெரியவில்லை. பிறகு இறால் வடை தேடினார்கள். எண்ணெய் விலையில் வண்டிகள் குறைந்திருந்தன. கிடைத்த வண்டியில் ஒரு வடையில் இரண்டே இரண்டு சின்ன இறால். அம்மா தலையோடு தின்றாள்.

திரும்பும்போது இருட்டிவிட்டது. நெடுநேரம் நின்று ஒரு பஸ் பிடித்தார்கள். ஜன்னலோரத்தில் இடம் கிடைத்ததும் அம்மா பேரனைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

"புத்தா, மெஹாட்ட என்ன."

அவன் உட்கார்ந்துகொண்டு, பஸ் முழுக்கக் கேட்கும் குரலில் கேட்டான்: "அம்மம்மா, ஏன் என்னைப் புத்தா எண்டு கூப்பிடுறீங்க? எனக்குப் பேர் இருக்கே?"

அம்மா பர்ஸைத் திறந்து டிக்கட்டுக்குக் காசு எண்ணத் தொடங்கினாள்.